கழல மறுத்த ஏர் ஃபில்டர்

(முன்னாள் மாணவர் சங்க மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "உன் துறையைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசு" என்றார். எனக்கு முன்னால் பேசிய நண்பர்கள் செயற்கை நுண்ணறிவு பற்றியும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு பற்றியும் சொந்தத் தொழில் பற்றியும் அருமையாகப் பேசிவிட்டார்கள். நான் கொண்டுவந்திருக்கும் தலைப்பு கொஞ்சம் அழுக்கானது. லாரியின் ஏர் ஃபில்டர். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கனரக வாகனப் பராமரிப்பில் இருக்கிறேன். இந்த வேலையில் என் கையில் ஒட்டிய கரி இன்னும் முழுசாகப் போகவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததைத்தான் பேச முடியும்.

முதலில் கொஞ்சம் கணக்கு. ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய இன்ஜினுக்கும், இன்று கள்ளக்குறிச்சி கடைவீதியில் நிற்கும் லாரியின் இன்ஜினுக்கும் அடிப்படை ஒன்றுதான். காற்றை மட்டும் உள்ளே இழுத்து, 16, 17 மடங்கு நெருக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக் கிடையாது. ஆக இந்த இன்ஜினுக்குக் காற்றுதான் பாதி உயிர். ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரியக் குறைந்தபட்சம் ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று வேண்டும். வண்டிக்காரர் டீசலுக்குப் பில் கேட்டு வாங்குகிறார். காற்றுக்குப் பில் இல்லை என்பதால் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆறு சிலிண்டர், 5.7 லிட்டர் கொள்ளளவு உள்ள ஒரு இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடினால், டர்போ இல்லாவிட்டாலே, நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 லிட்டர் காற்றை இழுக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் சுவாசிக்கிறார். அதாவது எழுநூறு பேர் சேர்ந்து விடும் மூச்சை ஒரு லாரி தனியாக விடுகிறது. அந்த மூச்சு தூசியோடு போனால் என்ன ஆகும்?

பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவில் இருக்கும் ஆயில் படலம் சில மைக்ரான் கனம்தான். நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். கண்ணுக்குத் தெரிகிற கல்லும் மணலும் பெரிய எதிரி இல்லை, அவை எளிதில் தடுக்கப்பட்டுவிடும். 5 முதல் 20 மைக்ரான் வரை இருக்கும் பவுடர் போன்ற தூசிதான் அந்த இடைவெளியில் சரியாகப் புகுந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். ரிங் தேய்ந்தால் கம்ப்ரெஷன் போகும், வண்டி ஆயில் குடிக்கும், பிரீதரில் புகை அடிக்கும். பிறகு இன்ஜினை இறக்கிப் போரிங் வேலை. ஒரு சிறு லாரி முதலாளிக்கு அது ஒரு கல்யாணச் செலவு.

இந்த உண்மையை உலகம் வயலில்தான் கற்றுக்கொண்டது. அமெரிக்காவில் ஃபிராங்க் டொனால்ட்சன் என்ற டிராக்டர் விற்பனையாளர், தூசியால் இன்ஜின்கள் சீக்கிரம் கெடுவதைப் பார்த்து 1915-ல் டிராக்டருக்கு ஒரு காற்று வடிகட்டியைச் செய்தார். நம் ஊரில் பழைய லேலண்ட் காமெட், டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ் காலத்து வண்டிகளை ஓட்டிய பெரியவர்களைக் கேட்டால் 'ஆயில் பாத்' ஏர் கிளீனரைப் பற்றிச் சொல்வார்கள். காற்று ஒரு ஆயில் கிண்ணத்தின் மேல் மோதித் திரும்பும், தூசி ஆயிலில் ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்றி டீசலில் கழுவிப் புது ஆயில் ஊற்றினால் போதும். பிறகு வந்ததுதான் மடிப்பு மடிப்பாக இருக்கும் காகித ஃபில்டர். நல்ல காகித ஃபில்டர் தூசியில் 99 சதவீதத்துக்கும் மேல் பிடித்துவிடும்.

பெரிய வண்டிகளில் இது இரண்டு அடுக்கு. வெளியே பெரிய ஃபில்டர், அதற்கு உள்ளே மெல்லிய பாதுகாப்பு ஃபில்டர். வீட்டுக்கு வாசல் கதவு ஒன்று, பூஜை அறைக் கதவு ஒன்று இருப்பது மாதிரி. வெளி ஃபில்டரை மாற்றும்போதும், அது கிழிந்துபோனாலும், இன்ஜினுக்குள் தூசி போகாமல் காப்பது உள் ஃபில்டர்தான். டப்பாவின் அடியில் ஒரு ரப்பர் வால்வு மூக்கு மாதிரி தொங்கும். சுழன்று வரும் காற்றிலிருந்து பிரிந்த தூசியை அது அவ்வப்போது கீழே கக்கிவிடும். டப்பாவிலோ ஹோஸிலோ ஒரு சிறிய இண்டிகேட்டர் இருக்கும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் சிவப்பு காட்டும். இவ்வளவுதான் அமைப்பு.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். கல்வராயன் மலை உங்களில் பலருக்குச் சுற்றுலாவாகத் தெரியும். கோமுகி அணை, மேகம் அருவி, பெரியார் அருவி என்று படம் எடுத்திருப்பீர்கள். 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபோது, மலையின் நம் பக்கமும் புது மாவட்டத்தோடு வந்தது. மறுபக்கம் சேலம் மாவட்டம். லாரிக்காரர்களுக்கு இந்த மலை வேறு மாதிரி தெரியும். கச்சிராயபாளையம் தாண்டி மேலே ஏறினால் கொண்டை ஊசி வளைவுகள். வெள்ளிமலை, கரியாலூர் வரை தார் ரோடு. அதற்கப்புறம் காட்டுக்குள் இறங்கினால் செம்மண் தடம். மாசி, பங்குனியில் முன்னால் ஒரு வண்டி போனால் பின்னால் வருகிறவருக்கு ரோடே தெரியாது. அந்தத் தடத்தில்தான் மரவள்ளி, எங்கள் பக்கம் சொல்கிற குச்சிக்கிழங்கு, லோடு லோடாக இறங்கி ஆத்தூர் பக்கத்துச் சேகோ மில்லுக்குப் போகிறது.

மலை ஏறினால் காற்றும் மெலியும். 3,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட 100-க்கு 8, 9 பங்கு குறைவு. பல இன்ஜின்களில் ஃபில்டர் அடைப்புக்கு வைத்திருக்கும் எல்லை 25 அங்குல நீர்மட்டம், அதாவது 635 மில்லிமீட்டர். வளிமண்டல அழுத்தம் நீர்மட்டத்தில் சுமார் 10,300 மில்லிமீட்டர். அந்த எல்லையைத் தொட்ட ஃபில்டர், காற்றில் இன்னொரு 6 பங்கை எடுத்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தால் 100-க்கு 14, 15 பங்கு காற்று போச்சு. அதுவும் முழு பாரத்தோடு மேட்டில் ஏறும்போது. டர்போ இருந்தால் கொஞ்சம் ஈடுகட்டும், ஆனால் ஓரளவுக்குத்தான். டீசல் மட்டும் அதே அளவு போகும், எரியக் காற்று இருக்காது. அதுதான் பின்னால் வரும் கரும்புகை.

சென்ற மாசி மாதம் என் தாய்மாமா போன் பண்ணினார். அவருக்குச் சொந்தமாக ஒரே ஒரு ஆறு சக்கர லாரி. ஓட்டுவதும் அவர்தான். "மாப்ள, வண்டி மேட்டுல இழுக்க மாட்டேங்குது. புகையா தள்ளுது. ஃபில்டர் மாத்தலாம்னு புதுசு வாங்கி வெச்சேன். பழசு கழல மாட்டேங்குது. நீ ஞாயித்துக்கிழமை ஊருக்கு வர்றியா?" என்றார். ஒரு ஏர் ஃபில்டரைக் கழற்ற ஒரு இன்ஜினியரா என்று நீங்கள் நினைக்கலாம். போய்ப் பார்த்தபோது அங்கே ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். மாமா, பட்டறை மேஸ்திரி, டிப்ளமோ முடித்துவிட்டு மேஸ்திரியிடம் வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன். நான் நான்காவது ஆள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மலைமேல் ஒரு விவசாயி முந்தின நாளே கிழங்கைப் பிடுங்கி வயல் ஓரம் குவித்துவிட்டார். மரவள்ளி மண்ணுக்குள் இருக்கும் வரை மாதக்கணக்கில் தாங்கும். பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுக்க ஆரம்பித்துவிடும், மாவுச்சத்து குறையும், மில்லில் விலையும் குறையும். மாமா, "ராத்திரிக்குள்ள வண்டி வந்துரும்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். வண்டிக்குக் கட்ட வேண்டிய பைனான்ஸ் தவணையும் அந்த வாரம்தான்.

மூடியின் கிளிப்புகள் திறந்திருந்தன. ஃபில்டரின் பின்பக்கம் இரண்டு விரல் அளவு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. பையன் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலும் கையில் வைத்திருந்தான். "நெம்பிரலாமா சார்?" என்றான். மேஸ்திரி, "நெம்பக்கூடாதுடா" என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. அதை நான் சொல்கிறேன். இந்த வகை ஃபில்டரின் வாயில் ஒரு கனமான ரப்பர் வளையம் இருக்கும். அது டப்பாவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் மேல் இறுக்கமாக மாட்டிக்கொள்ளும். அந்த இறுக்கம்தான் சீல். போல்ட்டும் இல்லை, நட்டும் இல்லை. நெம்பினால் டப்பா நசுங்கும், குழாயில் கீறல் விழும். ஒரு கீறல் போதும், அடுத்து எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டாலும் தூசிக்கு அங்கே ஒரு கள்ள வழி உண்டு.

அதனால் முறையாக ஆரம்பித்தோம். இன்ஜின் நிறுத்தி, சாவி மாமா பையில். டப்பாவின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தோம். ஏர் கன் வைத்து ஊதவில்லை, ஊதினால் தூசி எங்கே போகும் என்பது நம் கையில் இல்லை. பிறகு ஃபில்டரின் பின்முனையை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் மெதுவாக அசைத்தோம். வழக்கமாக அப்படி நாலு பக்கமும் சாய்த்தால் சீல் விட்டுக்கொடுக்கும், பிறகு திருப்பிக்கொண்டே நேராக இழுத்தால் வந்துவிடும். இது அசையவே இல்லை. ஏதோ வெல்டு வைத்த மாதிரி நின்றது.

அடுத்து டப்பாவையே கழற்றுவது என்று முடிவு செய்தோம். இன்ஜினுக்குப் போகும் ஹோஸின் கிளாம்பைத் தளர்த்தி உருவினோம். உருவிய அடுத்த நொடியே மேஸ்திரி இன்ஜின் பக்கத்து வாயைச் சுத்தமான பாலிதீன் பையால் மூடிக் கயிறு கட்டினார். இதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இன்ஜினின் வாய் திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்துதான். ஒரு நட்டு, ஒரு துணி நூல், ஒரு பிடி மண், எது விழுந்தாலும் அடுத்து டர்போதான்.

டப்பாவைப் பெஞ்சில் படுக்க வைத்தோம். எதிரே டீக்கடையில் வெந்நீர் வாங்கி வந்தான் பையன். துணியை அதில் நனைத்துப் பிழிந்து, வெளியே போகும் குழாய்க்குள் திணித்து, பத்து நிமிடம் வைத்தோம், ஆறினால் மறுபடி ஒரு துணி. குழாய் இரும்பு, சூடு உள்ளே இருக்கும் ரப்பர் வரைக்கும் போகும். தீ காட்டுவது, டீசல் ஊற்றுவது, பெட்ரோல் ஊற்றுவது எதுவும் கூடாது. காகிதமும் ரப்பரும் அதைத் தாங்காது, ஆளும் தாங்கமாட்டார்.

அப்புறம் பிடிமானம். துருத்திக்கொண்டிருந்த இரண்டு விரல் அளவில் கை வழுக்கியது. மேஸ்திரி ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி எடுத்து வந்தார். ஃபில்டரின் விளிம்பைச் சுற்றி இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றி, முனையை ஒரு கட்டையில் முறுக்கிப் பிடித்தார். நம் புத்தகத்தில் 'ஸ்ட்ராப் ரெஞ்ச்' என்று படம் போட்டிருப்பார்களே, அதேதான். ரப்பர் மேல் ரப்பர், வழுக்காது. உராய்வுக் கோணம், பெல்ட் இழுவிசை என்று நாம் பரீட்சையில் எழுதியதை அவர் எழுதாமலே செய்தார். நானும் மாமாவும் டப்பாவை அமுக்கிப் பிடித்தோம். "தம்பி, நேரா இழுக்கணும், கோணக்கூடாது" என்றார். திருப்பினார். ஒரு 'டப்' சத்தம். இன்னொரு திருப்பு. ஃபில்டர் கையோடு வந்துவிட்டது. பையன் கைதட்டிவிட்டான்.

கதை அங்கேதான் ஆரம்பம். ஏன் கழலவில்லை என்று பார்த்தோம். ரப்பர் வளையம் முழுக்கக் கறுப்பாகப் பசை. கேஸ்கட்டுக்குப் பூசுவார்களே, அந்தப் பசை. யாரோ ஒரு பட்டறையில், எப்போதோ, ஃபில்டரின் வாயில் பசை பூசி மாட்டியிருக்கிறார்கள். ஏன் பூசினார்கள்? மாமா வாங்கி வைத்திருந்த புது ஃபில்டரை எடுத்துக் குழாயில் மாட்டிப் பார்த்தேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. பிடித்துத் திருப்பினால் சுற்றியது. சரியான ஃபில்டர் அப்படி இறங்காது. கை அழுத்தம் கேட்கும், உட்கார்ந்ததும் பிடித்துக்கொள்ளும். டப்பா மேலிருந்த எண்ணையும் ஃபில்டர் மேலிருந்த எண்ணையும் ஒப்பிட்டோம். வேறு வேறு. பழசும் அதே தவறான எண். நீளம் சரி, அகலம் சரி, வாய் மட்டும் ஒரு நூல் பெரிசு. தளர்வாக இருந்ததால் முன்னே யாரோ பசையால் சமாளித்திருக்கிறார்கள். மாமா அந்தப் பழசின் எண்ணைச் சொல்லியே புதுசும் வாங்கியிருக்கிறார்.

இதைவிட மோசம், உள் ஃபில்டர் இல்லவே இல்லை. "அதை எடுத்துட்டா வண்டி நல்லா இழுக்கும்" என்று யாரோ சொல்லி, யாரோ எடுத்துவிட்டார்கள். இண்டிகேட்டர் இருந்த ஓட்டையை ஒரு போல்ட் போட்டு அடைத்திருந்தார்கள். வண்டி மாமா கைக்கு வருவதற்கு முன்பா பின்பா என்பது யாருக்கும் தெரியவில்லை. மேஸ்திரி ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, குழாயின் உள்பக்கம், அதாவது சுத்தமான காற்று மட்டும் போக வேண்டிய பக்கம், ஒரு இழுப்பு இழுத்தார். துணியில் பென்சில் கனத்துக்கு ஒரு செங்கோடு. கல்வராயன் மலை மண். யாரும் ஒன்றும் பேசவில்லை.

மாமாதான் முதலில் வாய் திறந்தார். "பழசு ரப்பர் பிஞ்சுபோச்சு. புதுசு சேரல. ஞாயித்துக்கிழமை, கடையும் இல்ல. ஒரு டிரிப்தான மாப்ள. புதுசையே பசை போட்டு மாட்டு, இல்லன்னா ஃபில்டர் இல்லாமயே போயிட்டு வந்துர்றேன். கிழங்கு கெட்டுப்போகும்."

நண்பர்களே, இந்த இடத்தில் பொறியாளன் என்ன சொல்ல வேண்டும்? "கூடாது" என்று சொல்வது சுலபம். வாக்குக் கொடுத்தவர் அவர், தவணை கட்டுகிறவர் அவர். அதனால் நான் அவர் முன்னாலேயே ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். ஃபில்டர்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு ஒரு கிராம் தூசி கலந்து சோதிப்பது வழக்கம். நம் செம்மண் தடத்தில் அதில் பத்தில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 5 கன மீட்டர் காற்று. ஒரு மணி நேரத்துக்கு 30 கிராம். "மாமா, முப்பது கிராம் இந்த மண்ணை அள்ளி நீங்களே உங்க கையால இன்ஜினுக்குள்ள போடுவீங்களா?" என்று கேட்டேன். கீழே கிடந்த மண்ணைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்துத் தெரிந்த ஒரு லாரிக்காரரைக் கூப்பிட்டு, "எனக்குப் பதிலா நீ மலைக்குப் போறியாப்பா" என்றார்.

அந்த டிரிப் வாடகை போனது போனதுதான். கிழங்கு மட்டும் அன்று ராத்திரியே மலை இறங்கிவிட்டது. திங்கட்கிழமை காலை சேலத்திலிருந்து பஸ்ஸில் சரியான எண் உள்ள ஃபில்டர் இரண்டும், வெளிசும் உள்சும், ஒரு இண்டிகேட்டரும் பார்சல் வந்தன. அதற்குள் பையன் குழாயில் ஒட்டியிருந்த பசையை மூங்கில் சீவலால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தான். புது ஃபில்டரை விளிம்பில் கை வைத்து அழுத்தி உட்கார வைத்தோம். நடுவில் அமுக்கக் கூடாது. மூடியின் கிளிப்பால் இழுத்து உட்கார வைக்கவும் கூடாது. அது முழுசாக உட்கார்ந்த பிறகுதான் மூடி. ரப்பருக்குக் கிரீஸும் இல்லை, பசையும் இல்லை.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். வண்டி மேட்டில் இழுக்கிறது, கரும்புகை நின்றது. ஆனால் ஏற்கெனவே போன மண் போனதுதான். டர்போவின் இறக்கை முனைகள் கொஞ்சம் மழுங்கியிருக்கின்றன. இன்ஜின் ஆயிலைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். சிலிக்கானும் இரும்பும் அதிகம் என்று வந்தது. சிலிக்கான் என்றால் மண், இரும்பு என்றால் தேய்மானம். ஆயில் மாற்றி ஓட்டி, மறுபடி அனுப்பியதில் சிலிக்கான் இறங்கியிருந்தது. இன்ஜின் வேலை தள்ளிப் போயிருக்கிறது, இல்லாமல் போகவில்லை. எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினோம் என்று மாமா இப்போது ஒரு நோட்டில் எழுதி வருகிறார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டதைச் சொல்லி முடிக்கிறேன். கழலாத ஒரு பொருளைப் பார்த்தால் முதலில் பலத்தைத் தேடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் முன்னே ஒருவர் செய்த குறுக்குவழிதான் இன்று நம் முன்னால் முரண்டு பிடிக்கிறது. நாம் இன்னொரு குறுக்குவழியால் அதைச் சமாளித்தால், நமக்குப் பின்னால் வரும் ஒருவருக்கு அந்தக் கடனை எழுதி வைக்கிறோம்.

லாரி வைத்திருக்கும் நம் பழைய மாணவர்களுக்கும், வீட்டில் டிராக்டர் வைத்திருக்கும் மாணவர்களுக்கும் சில வார்த்தைகள். ஃபில்டரை அடிக்கடி திறக்காதீர்கள். ஓரளவு தூசி படிந்த காகிதம் புதுக் காகிதத்தைவிட நன்றாக வடிகட்டும். திறக்கும் ஒவ்வொரு முறையும் தூசிக்கு வாய்ப்பு. இண்டிகேட்டர் சிவப்பு காட்டும்போது மாற்றுங்கள். பஞ்சர் கடைக் காற்றால் ஊதாதீர்கள், டயரில் தட்டாதீர்கள். காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். உள் ஃபில்டரை எப்போதும் சுத்தம் செய்யாதீர்கள், மாற்ற மட்டும் செய்யுங்கள். ஹோஸ் வெடிப்பு, கிளாம்பு தளர்வு, கீழே தொங்கும் ரப்பர் வால்வு, இந்த மூன்றையும் வாரம் ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள். 2020 ஏப்ரலிலிருந்து வரும் பி.எஸ். 6 வண்டிகளில் சென்சாரும் புகை வடிகட்டியும் சேர்ந்துவிட்டதால், காற்று விஷயத்தில் அலட்சியத்தின் விலை இன்னும் கூடியிருக்கிறது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அன்று அந்த டிப்ளமோ பையன் என்னிடம், "சார், வால்யூமெட்ரிக் எஃபிஷியன்ஸி படிச்சிருக்கேன். அது இந்த டப்பாதான்னு இன்னைக்குத்தான் தெரியும்" என்றான். நம் ஆய்வகத்துக்கு ஒரு பழைய ஏர் ஃபில்டர் டப்பாவை நெடுக்காக வெட்டிக் கொடுக்க நான் தயார். ஒன்றரை மீட்டர் உயரப் பலகையில் கண்ணாடி போன்ற டியூபை யூ வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றினால், ஃபில்டரின் அடைப்பை மாணவர்களே அளக்கலாம். 635 மில்லிமீட்டர் என்பது என்ன என்று கண்ணால் பார்க்கலாம். செலவு ஒரு சினிமா டிக்கெட்டுக்கு மேல் அதிகம் போகாது. ஆண்டுக்கு ஒரு நாள், கள்ளக்குறிச்சிப் பட்டறை மேஸ்திரிகள் நாலு பேரை அழைத்து, இந்த மேடையில் உட்கார வைத்து, மாணவர்களுக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள். அவர்களுக்கு உரிய மரியாதையும் சம்பளமும் கொடுத்து. சைக்கிள் டியூபை எப்போது எடுக்க வேண்டும் என்பது புத்தகத்தில் இல்லை. அது ஏன் வேலை செய்கிறது என்பது பட்டறையில் இல்லை. இரண்டையும் ஒரே அறையில் சேர்த்து வைக்க ஒரு கல்லூரியால்தான் முடியும்.